கட்டாத மாடிக்கு வந்த வரி

வரி விஷயத்தில் என் அப்பாவோடு நான் போட்ட சண்டையில் ஜெயித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை யார் சொன்னாலும் கடைசியில் அப்பா ஜெயித்த மாதிரியே முடிப்பார்கள். அண்ணன் சொன்னாலும் அப்படித்தான், அண்ணி சொன்னாலும் அப்படித்தான். தங்கள் கல்யாணமே என்னால்தான் நடந்தது என்பதை இரண்டு பேருமே வசதியாக மறந்துவிட்டார்கள்.

எண்பதுகளின் கடைசி அது. நூம்பலில் அப்போதுதான் வயல்களுக்கு நடுவே கல் நட்டு மனை பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் நிலத்திலும் பாதியை விற்றாகிவிட்டது. மீதியில் அப்பா கீரை போட்டார். அம்மா எருமைகளைப் பார்த்துக்கொண்டாள். அண்ணன் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். நான் டைப்பிங் முடித்துவிட்டு, வேலப்பன்சாவடியில் ஒரு பஸ், மதுரவாயலில் இன்னொரு பஸ் என்று மாறி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனிக்கு டைப்பிஸ்டாகப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவருக்குச் சாமியிடம் நம்பிக்கை உண்டு, டாக்டரிடம் உண்டு, ரேடியோவில் சொல்லும் வானிலை அறிக்கையில்கூடக் கொஞ்சம் உண்டு. சட்டத்திடம் மட்டும் துளியும் கிடையாது. அதிலும் வரி என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"சர்க்கார் நெனச்சான்னா நீ மூச்சு வுடறதுக்குக்கூட வரி போடுவான். எந்தச் சட்டம் வந்து அவன் கையப் புடிக்கும்? சட்டத்த எழுதுறதே அவன்தானே" என்பார்.

இதற்கு அவரிடம் ஆதாரங்கள் வேறு இருந்தன. மழையே இல்லாமல் நெல் கருகிப்போன வருடத்திலும் தீர்வை கட்டச் சொன்னார்களாம். அவர் இளவட்டமாக இருந்தபோது, வரி கட்டியதற்கான தகர வில்லை சைக்கிளில் இல்லை என்று பூந்தமல்லியில் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்களாம். நூம்பல் வரை தள்ளிக்கொண்டே வந்தாராம். அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவே இல்லை.

நான் சும்மா இருக்க மாட்டேன். எங்கள் கம்பெனிக்கு விற்பனை வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வரும். முதலாளி பதில் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். சில சமயம் ஆபீசர் போட்ட வரியை அவரே குறைத்து மறு உத்தரவு அனுப்பியிருக்கிறார். அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"அவங்க இஷ்டத்துக்கு எல்லாம் போட முடியாது நைனா. எதுக்குப் போடலாம், எதுக்குப் போடக்கூடாதுன்னு சட்டம் கீது. தப்பா போட்டா கேக்கலாம்."

"உங்க மொதலாளி கேப்பான். கார் வச்சுகினு கீறான், கேப்பான். நான் எருமை வச்சுகினு கேக்க முடியுமா?"

பேச்சு அதோடு நின்றுவிடும். எருமையைப் பற்றி விற்பனை வரி ஆபீஸ் கடிதங்களில் எதுவும் வந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணனுக்கு மாங்காட்டில் ஒரு பெண் அமைந்தது. கோயிலில் வைத்துப் பார்த்தோம். பெண்ணுக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். கோயில் பக்கத்தில் தேங்காய்க் கடை வைத்திருந்தார். நல்ல கறார் மனிதர். பெண்ணை அண்ணனுக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. மாங்காட்டிலிருந்து திரும்பிய அன்று அவன் எருமைக்குத் தவிடு கரைக்கிறேன் என்று அம்மா ஊற வைத்திருந்த இட்லி அரிசியைக் கொட்டிவிட்டான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்க ஆள் அனுப்புவார்கள். அந்த ஆள் ஒருநாளும் உண்மையைச் சொல்லிக்கொண்டு வர மாட்டார். மனை வாங்க வந்தேன் என்பார், மாடு பார்க்க வந்தேன் என்பார். தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே வீட்டை நோட்டம் விடுவார். நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் தெரியாத மாதிரியே இரண்டு பக்கமும் பேசி அனுப்பி வைப்பதுதான் மரியாதை. கல்யாணத் தரகர் வந்து, "இந்த வாரம் ஆள் வரும், கண்டுக்காதீங்க" என்று அம்மாவின் காதில் போட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரமே இரண்டு பேர் வந்தார்கள். நான் வேலைக்குப் போயிருந்தேன். அவர்கள் கையில் பை, குடை. "வீட்டு வரிக்குக் கணக்கெடுக்க வந்திருக்கோம்" என்றார்களாம்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மனை, மாடு என்று பழைய பாட்டே பாடாமல் வரிக்காரன் வேஷம் கட்டி வந்திருக்கிறார்களே, மாங்காட்டுக்காரர்கள் விவரமானவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டார். கட்டிலைப் போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து, வாயைத் திறந்தார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னொரு சின்ன வீடு இருந்தது. அது அப்பாவின் பங்காளியுடையது. அவர் குடும்பத்தோடு பம்பாய்க்குப் போய்விட்டதால் சாவி மட்டும் எங்களிடம் இருந்தது. அதைக் காட்டி, "நம்மளுதுதான், வாடகைக்கு வுட்டுகினு கீறேன்" என்றார். எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பிற்காலத்தில் மேலே கட்டலாம் என்று தூண்களில் கம்பியை நீட்டி விட்டிருந்தோம். அதையும் காட்டி, "மேல ரெண்டு ரூம் எழும்பப் போகுது" என்றார்.

"எப்ப முடியும்?" என்று கேட்டிருக்கிறார் வந்தவர்.

"இதோ, பங்குனிக்குள்ள. கட்டினதாவே எழுதிக்கோங்க!"

புதுக் கணக்கு ஏப்ரலில்தானே ஆரம்பம், சேர்த்தே எழுதிக்கொள்கிறேன் என்று அந்த மனிதரும் எழுதிக்கொண்டார். கையெழுத்து கேட்டார். அப்பா போட்டார். சாயங்காலம் நான் வந்ததும், "இன்னா நடிப்புடி! கையெழுத்துகூட வாங்கிகினு போறான். அசல் வரிக்காரன் தோத்தான் போ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வந்தவர்களிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று தரகரிடமும் அதையே ஒப்பித்தார். தரகர் அதை மாங்காட்டுக்குக் கொண்டுபோனார். தரகரே எல்லாம் சொல்லிவிட்டதால் தேங்காய்க் கடை மாமா தன் ஆளை அனுப்பவே இல்லை. அவருக்கு மாடியைவிடப் பின்வீடுதான் பிடித்துப்போயிற்று. பெண் தனியாக, நிம்மதியாகக் குடித்தனம் நடத்தலாம் என்று சம்மதம் சொல்லி அனுப்பினார். நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஆள் வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். நான்தான் படித்துக் காட்டினேன். மாடியில் இரண்டு அறை. பின்புறம் வாடகை வீடு. போன வருடம் கட்டியதைப்போல் மூன்று மடங்குக்கும் மேலே வரி.

அப்பா நோட்டீசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப வந்தவன் நெஜமாவே வரிக்காரனா?" என்றார்.

அம்மா விட்டுவைக்கவில்லை. "ஆயுசு பூரா வரிக்காரனைத் திட்டிகினு இருந்துட்டு, வூடு தேடி வந்தவனுக்கு மோரையும் குடுத்து, இல்லாத ஊட்டையும் காட்டி அனுப்பிச்சியே, நீ மனுசன்தானா?" என்று பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அந்த நோட்டீஸ் லட்டு மாதிரி இருந்தது. கடைசி வரியில், ஆட்சேபம் இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று அச்சாகியிருந்தது. இத்தனை நாள் வாயால் போட்ட சண்டைக்குக் கையில் காகிதமே வந்துவிட்டது. "இப்பப் பாரு நைனா. இல்லாத கட்டடத்துக்கு வரி போடச் சட்டத்துல இடமே கெடையாது. மனு எழுதுறேன்" என்றேன்.

"ஒண்ணும் வாணாம். கட்டிட்றேன்" என்றார் அப்பா.

"கட்டாத மாடிக்கு வருசா வருசம் வரி கட்டுவியா?"

"கட்டுவேன். போட்டா போட்டதுதான். சர்க்கார் கைய எவன் புடிப்பான்?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மனு போட்டால் ஆபீசில் போய், பின்வீடு எங்களுடையது இல்லை, மாடியும் இல்லை என்று சொல்லவேண்டும். சொன்னால் அது மாங்காட்டுக்குப் போகும். போனால் கல்யாணம் நிற்கும். சட்டம் எதையும் தடுக்காது என்று நினைத்துக்கொள்வது அப்பாவுக்கு இப்போது சௌகரியமாக இருந்தது. தடுக்கும் என்று ஒப்புக்கொண்டால் அவர் ஆபீசுக்குக் கிளம்பியாக வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று சோறுகூட இறங்கவில்லை. வரியைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. ஒரு பொய்யைக் காப்பாற்ற அவர் சர்க்காரைத் துணைக்குக் கூப்பிட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கல்யாணம் அண்ணனுடையது. அதனால் அவனிடம் கேட்டேன். மொட்டை மாடியில் அந்தக் கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். என்னைவிட அவனுக்குத்தான் பயம் அதிகம். முகம் வாடிப்போயிருந்தது.

"உண்மையச் சொன்னா அவங்க வாணாம்னு சொல்லிடுவாங்களோ?" என்றான்.

"சொல்லலாம். சொல்லாம இருந்தா மட்டும் இன்னா? கல்யாணம் ஆனதும் அந்தப் பொண்ணு பின்வீட்டுச் சாவியக் கேக்கும். எதக் குடுப்ப?"

பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். "சொல்லிடு. ஆனா ஒரே வாட்டியா சொல்லிடு. தெனம் தெனம் பயந்துகினு என்னால இருக்க முடியாது" என்றான். அந்த 'ஒரே வாட்டி'யை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மனுவை கம்பெனி டைப்ரைட்டரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடித்தேன். அம்மாவிடம் கையெழுத்து வாங்கினேன், ஏனென்றால் வீடு அவள் பெயரில் இருந்தது. அந்த விஷயம் வீட்டில் எல்லோருக்குமே மறந்துபோயிருந்தது, அப்பாவுக்கு முக்கியமாக. லீவு போட்டு ஆபீசுக்குப் போனேன். அதிகாரி மனுவைப் படித்துவிட்டு அப்பாவின் கையெழுத்தை எடுத்துக் காட்டினார்.

"ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரேம்மா."

"கையெழுத்துப் போட்டா மாடி முளைக்குமா சார்?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. "கட்டடத்துக்குத்தான் வரின்னு போட்டிருக்கு. கட்டடமே இல்லைன்னா எதுக்கு வரி? நீங்களே வந்து பாருங்க சார்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ நாட்காட்டியைப் புரட்டி, வருகிற புதன்கிழமை வருகிறேன் என்றார். வெளியே வந்ததும் எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது. அப்படி ஒரு சந்தோஷம்.

நேராக மாங்காட்டுக்குப் போனேன். மாமா கடையில் ஒரு தேங்காய் வாங்கினேன். "புதன்கிழமை காலையில எங்க ஊட்டுக்கு வாங்க மாமா. நீங்க ஊட்ட நல்லாப் பாக்கணும். அண்ணனும் வரச் சொல்லிச்சு" என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார். ஆனால் தேங்காய்க்குக் காசு வாங்கவில்லை. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை. இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் கிடையாது. சொல்லியிருந்தால் விடியற்காலையிலேயே எருமையை ஓட்டிக்கொண்டு கூவம் ஆற்றுப் பக்கம் போயிருப்பார்.

புதன்கிழமை முதலில் வந்தவர் அதிகாரி. கூடவே அன்றைக்கு வந்த அந்த பில் கலெக்டர், கையில் டேப்போடு. அவரைப் பார்த்ததும் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. டேப்பை விரித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் மாமா வந்து இறங்கினார், கையில் ஒரு பை நிறையத் தேங்காய். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது. நான் உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன்.

அதிகாரி பின்வீட்டைக் காட்டினார். "இது உங்களுதா? வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

ஆமாம் என்றால் அந்த வரி காலத்துக்கும் எங்கள் தலையில். இல்லை என்றால் கேட்டுக்கொண்டு நிற்பவர் பெண்ணின் மாமா. அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா அவனைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு கேள்வி கேட்ட அதிகாரியை விட்டுவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"அண்ணாத்தே, இந்த ஊடு என்னுது இல்ல. என் பங்காளிது. சாவி மட்டும்தான் என்னாண்ட கீது. உன் பொண்ணு இதுல குடித்தனம் இருக்க முடியாது" என்றார்.

"மாடி?" என்றார் அதிகாரி.

"கம்பிதான் சார் கீது. மீதி என் ஆச."

அதிகாரி மேலே பார்த்தார். சிரிக்கவில்லை. "ஆசைக்கெல்லாம் வரி போடச் சட்டத்துல இடமில்லைங்க" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த காகிதத்தில் அந்த இரண்டு வரிகளையும் சிவப்பு மையால் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். சர்க்கார் எழுதியதை சர்க்காரே அடிப்பதை அப்பா வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் மாமாவின் முகம் இறுகிப்போயிருந்தது. "அப்ப பொய் சொல்லித்தான் பொண்ணு கேட்டீங்களா?" என்றார். தேங்காய்ப் பையை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் முன்னால் வந்தேன். "பொய்ய மறைக்கணும்னா உங்கள நானே வந்து கூப்பிட்டிருப்பேனா மாமா? சொன்னது தப்பு. அதான் ஆபீசர் முன்னாடியே இல்லைன்னு சொல்லியாச்சு. எங்க அண்ணன் வேல நெஜம், சம்பளம் நெஜம். இந்த முன்வீடு எங்க அம்மாது, அது நெஜம். இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. இஷ்டம் இருந்தா குடுங்க."

மாமா அப்பாவிடம் போனார். "அந்த ஆளு வரிக்காரன்னு சொல்லிகினுதானே வந்தான்?"

"ஆமா."

"அவன் சொல்லியும் நீ கூட்டிச் சொன்னியா?"

"நீ அனுப்புன ஆளுன்னு நெனச்சுட்டேன் அண்ணாத்தே. வேசம் கட்டினு வந்தான்னு நெனச்சேன்."

மாமாவின் உதடு துடித்தது. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த நிமிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "என் கடைக்கு வரி ஆளு வந்தா பாதித் தேங்காய கோணிக்கடியில தள்ளிடுவேன். ஊரே அப்படித்தான் கீது. நீ இன்னாடான்னா பங்காளி ஊட்டையும் சேத்துக் காட்டி வரி கேட்டு வாங்கிகினு கீற! உன்னாட்டம் ஏமாளி கையில பொண்ணக் குடுக்காம வேற எவன் கையில குடுக்கறது?" என்றவர், திடீரென்று அதிகாரியின் ஞாபகம் வந்து நிறுத்தினார். "சார், நீங்க மாங்காட்டு ஆபீஸ் இல்லியே?"

"இல்லைங்க" என்றார் அதிகாரி. அவரும் அப்போதுதான் சிரித்தார்.

மாமா பையை அம்மாவின் கையில் கொடுத்தார். "சம்பந்தி, சாருங்கள எல்லாம் சாப்ட்டுப் போவச் சொல்லு" என்றார் அப்பாவிடம். சம்பந்தி என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் அண்ணன் தூணை விட்டான். நான் கொல்லைப் பக்கம் போய் நன்றாக அழுதேன். ஜெயித்தவர்களும் அழுவார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதிகாரி சாப்பிடவில்லை, மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரே போய் நின்றேன். விடுவேனா?

"இப்ப இன்னா சொல்ற நைனா? சட்டம் கையப் புடிச்சுதா இல்லியா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சட்டம் எங்கடி புடிச்சுது? அது பாட்டுக்கு அந்த ஆபீஸ்ல தூங்கினு கெடந்துது. லீவு போட்டு, மனு எடுத்துகினு போயி நீதானே புடிச்ச?"

"நான் புடிக்கலாம்னு சட்டத்துலதான் எழுதியிருக்கு" என்றேன்.

"எழுதிட்டுப் போவட்டும். இந்த ஊர்ல அதப் படிக்கறதுக்கு என் பொண்ணு ஒருத்திதானே கீறா" என்று சொல்லிவிட்டு, நகர்ந்து எனக்குக் கட்டிலில் இடம் விட்டார்.